இரண்டு பேரின் நித்திரை

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் அதை அப்படியே தலைகீழாகச் செய்து வந்த மனுஷி. ஓய்வு பெறும் வரைக்கும் நான் ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் வீட்டில் சலம் கழித்துவிட்டுப் புறப்பட்டால், பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்துதான் அடுத்தது. நான் படிப்பித்த இடங்களில் ஆசிரியைகளுக்கென்று இருந்த கக்கூசில் ஒன்றில் தண்ணீர் இருக்காது, இல்லையென்றால் கதவுக்குக் கொளுக்கி இருக்காது. ஆத்திரத்தை மட்டும் நான் ஒருநாளும் அடக்கி வைத்ததில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்லுவார்கள், வீட்டில் இவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

இவர் என்பது என் மனுஷன். வாழைத் தோட்டக்காரர். நான் இணுவிலில் பிறந்து, கலியாணம் முடித்து நீர்வேலிக்கு வந்தவள். எங்கள் வீடு நல்ல கல்வீடு. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கக்கூஸ் மட்டும் கிணற்றுக்கும் அப்பால், வளவின் கடைசி மூலையில். கனடாவில் இருக்கிற எங்கள் மகள் ஒவ்வொரு முறை கதைக்கும்போதும், அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டுங்கோ என்று தொண்டை வற்றக் கத்துவாள். இவர் மசியமாட்டார். சாமியறை இருக்கிற கூரைக்குக் கீழே கக்கூஸ் வரக் கூடாது. அது இவருடைய தகப்பன் காலத்துச் சட்டம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சட்டத்தில் ஆட்சேபனை இருக்கவில்லை, இரவில் எழும்பத் தொடங்கும் வரைக்கும்.

ஓய்வு பெற்று ஒன்றிரண்டு வருடத்தில் அது தொடங்கியது. படுத்து ஒரு கண் அயர்ந்திருப்பேன், அடிவயிறு முட்டிக்கொண்டு வரும். போய் வந்து படுத்தால் நித்திரை கூடிவருவதற்குள் மறுபடியும். பகல் முழுவதும் அடக்கியே பழகிய எனக்கு இரவில் அடக்க முடியவில்லை. முதலில் நான் தனியாகத்தான் போய் வந்தேன். ஒரு மாரி காலத்தில் கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்திருக்க, அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு இவர் என்னைத் தனியாகப் போகவே விடவில்லை. நான் கட்டிலில் அசைந்தால் போதும், ரோச் லைற்றோடு எழும்பி நிற்பார். நான் உள்ளே போய் வரும்வரை வெளியே நிற்பார். முணுமுணுப்புக் கிடையாது, முகச் சுழிப்புக் கிடையாது. இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்றுதான் நினைத்துக்கொள்வேன். நினைத்ததோடு சரி, சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடுவார்.

ஆனால் புண்ணியத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. இரவு முழுக்க எழும்பி எழும்பி நின்ற மனுஷன் பகலில் கண்ட கண்ட இடமெல்லாம் தூங்கி விழத் தொடங்கினார். சோற்றைப் பிசைந்தபடி தூங்குவார். செத்த வீட்டில் தூங்கிக் குறட்டை விட்டதில், அழுதுகொண்டிருந்த சனமே திரும்பிப் பார்த்தது. வாழைக்கு முட்டுக் கொடுக்கப் போனவர் முட்டுத் தடியைப் பிடித்தபடி நின்று தூங்கினார் என்று பக்கத்துத் தோட்டக்காரர் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குள் போய் இருந்து யோசித்தேன். இந்த மனுஷனின் நித்திரையைத் தின்பது நான்தானே என்று மனம் குத்தியது.

இவரிடம் ஒரு சின்ன லொறி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பட்டா என்று சொல்வது. குலை வெட்டுகிற நாட்களில் விடியப்புறம் அதில் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போவார். நீர்வேலியிலேயே விற்கலாம்தான். ஆனால் கொடிகாமத்தில் இவருக்கு ஒரு வாடிக்கை வியாபாரி, பழகிய பழக்கம், விடமாட்டார். புத்தூர் தாண்டினால் மீசாலை வரும்வரை வெறும் வெளி. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நேர் றோட்டு, முகத்தில் அடிக்கிற குளிர்காற்று. நல்லாய் நித்திரை கொண்டவனையே தாலாட்டுகிற இடம் அது. அந்த இடத்தில் ஒருநாள் இவர் கண்ணயர்ந்து, பட்டா றோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் போய்ச் செருகி நின்றது. நல்ல காலம், வேகமில்லை. எதிரே வாகனமும் வரவில்லை. இவருக்கு நெற்றியில் ஒரு கீறல். கதலிக் குலைகள்தான் தண்ணீருக்குள்.

அன்று இவர் சேறும் சகதியுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது நான் பேசின பேச்சு அயல் முழுக்கக் கேட்டிருக்கும். பேசி முடித்து உள்ளே போய் அழுதேன். அடுத்த முறை தண்ணீர் ஆழமாக இருந்தால்? எதிரே ஒரு டிப்பர் வந்தால்? சேறு காயும் முன்னமே தீர்மானித்துவிட்டேன். இனி இவர் கொடிகாமம் போனால் பக்கத்தில் நான் இருப்பேன்.

அப்படித்தான் நான் சந்தைக்குப் போகத் தொடங்கினேன். என்னுடைய வேலை ஒன்றே ஒன்று, கதைப்பது. நீர்வேலியில் வாயைத் திறந்தால் கொடிகாமத்தில்தான் மூடுவேன். ஆற்ரை மகள் ஆரோடு போனது, எந்தக் கோயிலில் ஐயர் மாறினது, முருங்கைக்காய் என்ன விலை, இவருடைய தங்கச்சி எங்கள் கலியாண வீட்டில் என்ன சொன்னவ, அதற்கு நான் அன்று சொல்லாமல் விட்ட மறுமொழி என்ன, எல்லாம் வரும். இவருடைய கண் சொருகுவது போலிருந்தால் அந்தத் தங்கச்சியை எடுப்பேன். உடனே நிமிர்ந்து இருந்து எனக்கு எதிராகக் கதைக்கத் தொடங்கிவிடுவார். சண்டை பிடித்தாலும் பரவாயில்லை, முழித்திருந்தால் போதும். புத்தூர் வெளியில் எங்கள் பட்டாவுக்குள் நடந்த சண்டைகளை அந்த உப்புத் தண்ணீரில் நிற்கிற கொக்குகள் எல்லாம் கேட்டிருக்கும்.

ஆனால் எனக்கும்தானே நித்திரையில்லை. ஒருநாள் கதைத்துக்கொண்டிருந்த நானே அயர்ந்துவிட்டேன். கண் திறந்தபோது பட்டா மீசாலையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றது. இவர் ஸ்டேரிங்கில் தலை வைத்து நித்திரை. எப்படி வந்து சேர்ந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிப்போனது. வெட்கமாவது மண்ணாவது, டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

நினைப்பது லேசு. பிரஷருக்கு நான் மாதாமாதம் போகிற கிளினிக்கில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் தெரிந்த முகங்கள். பாதிப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார். அவர்கள் காதுபட ரீச்சர் மூத்திரக் கதை சொல்வதா? அதனால் நித்திரை வருகுதில்லை என்று மட்டும் சொன்னேன். அந்த டொக்டர் பிள்ளைக்கு என் மகளைவிட வயது குறைவு. பேனையை எடுத்தவள் எழுதாமல் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நித்திரை வராமல் எழும்புறியளோ, இல்லாட்டி எழும்புறதாலை நித்திரை போகுதோ?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மேசைக்குக் கிட்டக் குனிந்து, சலத்துக்கு எழும்புறன் என்று சொன்னேன். அதை ஏன் அம்மா களவெடுத்தமாதிரிச் சொல்லுறியள் என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, நான் காலையில் இருந்து படுக்கும் வரை என்ன குடிக்கிறேன், என்ன போடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அப்போதுதான் என்னுடைய கெட்டித்தனமெல்லாம் வெளியே வந்தது. பிரஷர் குளிசையோடு நீர் போவதற்கென்று ஒரு குளிசையும் தருகிறார்கள். காலையில் போடச் சொல்லித்தான் தந்தது. காலையில் போட்டுவிட்டு வகுப்பில் நிற்க முடியுமா? ஆகவே அதை நானே இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னுக்கு மாற்றியிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மாற்றவில்லை, வயது போகத்தான் அது தன் வேலையைக் காட்டியிருக்கிறது. கோயிலுக்குப் போகிற இடம், நல்லது கெட்டதுக்குப் போகிற இடம், எங்கே பெண்களுக்கு ஒழுங்கான கக்கூஸ் இருக்கிறது? இரவென்றால் வீட்டில்தானே என்று நினைத்தேன். அது மட்டுமா, சலக்குற்றம் என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி சொன்னதைக் கேட்டு நெருஞ்சிமுள் அவித்த தண்ணீர் ஒரு செம்பு, படுக்கும் முன். தொலைக்காட்சி நாடகத்தோடு ஒரு பெரிய கோப்பை தேத்தண்ணி வேறு.

டொக்டர் பிள்ளை பேனையை வைத்துவிட்டாள். "அம்மா, நீங்கள் படுக்கப் போறியளோ, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போறியளோ?" என்று கேட்டாள். பின்னால் இருந்த சனம் சிரித்தது. எனக்கு ஆத்திரம் வரவேண்டிய இடம். என்னவோ, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சீனி இருக்கிறதா, சலத்தில் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள். இரண்டும் இல்லை. நீர்க் குளிசையைக் காலைக்கு மாற்றினாள். நெருஞ்சிமுள்ளை நிறுத்தினாள். பின்னேரத் தேத்தண்ணியோடு அன்றைய கணக்கு முடிந்தது என்றாள். பகலில் என் காலில் இறங்கி நிற்கிற நீர்தான் படுத்த பிறகு மேலே ஏறிச் சலமாக வருகிறது என்று விளங்கப்படுத்தி, மத்தியானம் சாப்பிட்ட பிறகு காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னாள். அடிவயிற்றுத் தசைக்கு ஒரு பயிற்சியும் காட்டினாள். இருந்த இடத்திலேயே செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. நான் அதைப் பூசை நேரத்தில்கூடச் செய்தேன்.

இவ்வளவுதானா என்று எனக்குக் கோபமே வந்தது. இதற்காகவா வருடக்கணக்காகக் கிணற்றடிக்கு நடந்தேன்? ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவது குறைந்தது. ஒரு நாள் கண் திறந்தபோது யன்னலில் வெளிச்சம். காகம் கரைகிறது. நான் பயந்தே போனேன், எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று. பிறகுதான் விளங்கியது, நடந்தது நித்திரை.

முழு இரவு நித்திரை கொள்வதென்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். கண் எரியாமல் பேப்பர் வாசித்தேன். கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று இரண்டாம் தரம் யோசிக்கவில்லை. இணுவிலில் கோயில் திருவிழா நேரம் என் தங்கச்சி வீட்டில் தங்கினேன். முன்பெல்லாம் அவள் எவ்வளவு கெஞ்சினாலும் அன்றிரவே திரும்பி ஓடி வந்துவிடுவேன். அவளுக்கு என்னில் அது ஒரு மனக்குறை. ஆற்ரையோ வீட்டுக் கட்டிலில், மற்றவர்கள் படுத்திருக்கிற அறைகளைத் தாண்டி எழும்பித் திரிய வேண்டுமே என்ற பயம்தான் காரணமென்று அவளுக்குத் தெரியாது. இந்த முறை நிம்மதியாகப் படுத்து எழும்பினேன். மகளுக்கும் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். அம்மாவின்ரை கோபமெல்லாம் நித்திரையில்லாத கோபம், இனிக் குறைந்துவிடும் என்று தகப்பனுக்கு ஆறுதல் சொன்னாளாம். சில கிழமை கழித்துக் கோபம் குறைந்ததா என்று கேட்டாள். இவர் தொலைபேசியை என்னைவிட்டுத் தூரமாகக் கொண்டுபோய், இல்லை மகள், அது வேறை வருத்தம் என்றாராம்.

எல்லாம் நல்லாய்த்தான் போனது, ஒன்றைத் தவிர. இவர் இன்னும் தூங்கி விழுந்தார்.

எனக்கு விளங்கவில்லை. நான் எழும்பாவிட்டால் இவர் எழும்பத் தேவையில்லை. எழும்பத் தேவையில்லையென்றால் நித்திரை கொள்ளலாம். பிறகு ஏன் புத்தூர் வெளியில் இன்னும் கண் சொருகுகிறது? ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே பட்டா றோட்டின் கரையைத் தொட்டது. நான் போட்ட சத்தத்தில்தான் திருப்பினார். கேட்டால், பழக்கதோஷம், முழிப்பு வருகுது என்றார். அதுவும் என்னாலே வந்த பழக்கம்தானே என்று மறுபடியும் என் மனம் என்னையே குத்தியது. கசகசா போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். இவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அடுத்த நாளும் தூங்கி விழுந்தார்.

எங்கள் வீட்டில் விளக்கு வைக்க முன்னம் முற்றம் கூட்டுவது வழக்கம். நான் கூட்டினால் செம்மண்ணில் விளக்குமாற்று வரி, கோடு போட்ட கொப்பி மாதிரி நேராக இருக்க வேண்டும். அதில் நான் விடாப்பிடி. முன்பு விடிந்து பார்த்தால் எங்கள் இரண்டு பேருடைய காலடியும் கிணற்றடி வரை குழம்பிக் கிடக்கும், அதைக் கவனித்ததில்லை. இப்போது நான் எழும்புவதில்லை. ஒருநாள் வெள்ளாப்பில் வெளியே வந்து பார்த்தால், அழகாக வரி போட்ட முற்றத்தில் ஒரே ஒருவரின் காலடி. பின்கதவிலிருந்து கிணற்றைச் சுற்றி, கக்கூசுக்குப் போகாமல், கிணற்றடி வாழைப் பற்றைக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஒரு தரம் அல்ல, போய் வந்து போய் வந்து ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது.

அந்த வாழையை நிமிர்ந்து பார்த்தேன். தோட்டத்தில் உரம் போட்டு வளர்த்த ஒரு வாழையும் அப்படிக் குலை தள்ளியதில்லை. ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் வாயில் கை வைத்தார்கள். கிணற்றடி ஈரம் என்று இவர் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். பக்கத்து வீட்டுக்காரர் நடுவதற்கு அதன் குட்டி கேட்டு வாங்கிப் போயிருந்தார். ஈரமாம் ஈரம்! நல்ல காலம், அந்தக் குலையை நான் கோயிலுக்கு நேர்ந்துவிடவில்லை.

இவர் பல்லு மினுக்கிக்கொண்டு வந்தார். நான் முற்றத்தைக் காட்டினேன்.

"உது ஆற்ரை காலடி?"

குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு, "என்ரைதான்" என்றார்.

"எவ்வளவு காலமா?"

"நீர் எழும்பத் தொடங்க முந்தியே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன்! நான் உள்ளே நிற்கிற நேரத்தில் இவர் வாழைக்குப் போய்விட்டு, என்னைக் கூட்டிவந்த தர்மவான் மாதிரி வந்து நின்றிருக்கிறார். எனக்குக் காவலும் ஆச்சு, தன் அலுவலும் ஆச்சு. இவருடைய நித்திரையைத் தின்றது நான்தான் என்று நான் எவ்வளவு காலம் உருகியிருப்பேன்! ஒரு வார்த்தை, இல்லையப்பா, எனக்கும் இருக்கு என்று சொன்னாரா? கிளினிக்கில் சனம் சிரிக்க நான் அவமானப்பட்டு வந்தேன். இவர் வீட்டில் கசகசாப் பால் குடித்தார். என் வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. இவர் கையில் பற்பொடியோடு கேட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில்தான் சொன்னார்.

"அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானே முடிஞ்சவர்."

இவருடைய அண்ணைக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவர் கடைசி வரை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்து, சலம் முழுக்க அடைத்த பிறகுதான் கொண்டு போனார்கள். குழாய் போட்டுப் பையைக் கையில் பிடித்தபடி வார்டில் இருந்தவர். அது புற்று என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அவர் பிந்திப் போனதால் செத்தார் என்று நான் நினைத்திருந்தேன். போனதால் செத்தார் என்று இவர் நினைத்திருக்கிறார். அந்தப் பயத்தை அடிவயிற்றில் வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் ஒவ்வொரு இரவும் வாழையடிக்கு நடந்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் எல்லாம் வடிந்துபோனது.

அடுத்த கிளினிக்குக்கு நானே கூட்டிப்போனேன். இவருக்குப் பதிலாக நானே வாய் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன், வாழைக் குலை உட்பட. இந்த முறை ஆர் காதில் விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆண்களுக்கு வயது போகப் போகச் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி வீங்கி வழியை நெருக்கும், அதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் அண்ணையின் கதை இருப்பதால் இரத்தம் சோதித்து ஸ்கானும் எடுப்போம் என்றாள் டொக்டர் பிள்ளை.

முடிவு வரும் வரைக்கும் இருந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்த நாட்களிலும் வாழை குலை தள்ளத்தான் செய்தது, நாங்களும் கொடிகாமம் போகத்தான் செய்தோம். நான் வழக்கம் போல வாய் ஓயாமல் கதைத்தேன். ஆனால் இவருடைய தங்கச்சியை எடுக்கவில்லை. ஒருநாள் இவரே, என்ன, உமக்கு அவளிலை கோபமெல்லாம் போயிட்டுதோ என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிவு வந்தது. புற்று இல்லை. வெறும் வயதுக்கு வருகிற வீக்கம்தான். படுக்கும் முன் போடக் குளிசை ஒன்று எழுதினாள். போட்ட பிறகு சடாரென்று எழும்பக் கூடாது, தலை சுற்றும், கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்ப வேண்டும் என்றாள். வெளியே வந்ததும் இவர் படியிலே இருந்துவிட்டார். முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, வாரும், ஒரு தேத்தண்ணி குடிப்பம் என்றார். பின்னேரத் தேத்தண்ணி நேரம் கழிந்துவிட்டதால் நான் விடவில்லை.

குளிசை சாப்பிடச் சாப்பிட இவருக்கும் குறைந்தது. முழுக்க நின்றதென்று சொல்ல மாட்டேன், ஒரு தரம் எழும்புவார், சில நாள் அதுவும் இல்லை. கக்கூசுக்குத்தான் போகிறார், முற்றத்து வரியைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். சாமியறைச் சட்டமும் தளர்ந்து, பின் விறாந்தையின் கோடியில், சாமியறைக்குப் படாத பக்கமாக, ஒரு பாத்ரூமுக்கு அத்திவாரம் வெட்டியிருக்கிறது. பகலில் இவர் தூங்கி விழுவது நின்றுவிட்டது. முகம் தெளிந்தது. தோட்டத்தில் பாட்டுச் சத்தம் கேட்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் வந்து முறைப்பாடு வைத்தார். புத்தூர் வெளியில் இவருடைய கண் சொருகுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். சொருகவில்லை. கொக்குகளைக் காட்டி, அந்தா பாரும், இந்தா பாரும் என்று இவர்தான் எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பி வரும்போது சொன்னார்: இனி நீர் விடிய எழும்பி என்னோடை அலையத் தேவையில்லை, எனக்கு நித்திரை வராது, நீர் ஆறுதலாப் படுத்திரும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும், அப்பாடா, தப்பினேன் என்று சொன்னேன்.

அடுத்த குலை வெட்டுக்கு இவர் தனியாகப் போனார். நான் படுத்திருந்தேன். பட்டா படலையைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. எனக்கு இவரைப் பற்றிப் பயம் இருக்கவில்லை. பயம் இல்லாததுதான் எனக்கு என்னவோ செய்தது. தேவைப்பட்ட வரைக்கும் கூட்டித் திரிந்தார், இப்போது தேவை முடிந்துவிட்டது என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மனம் நொந்துதான் போனது. இரண்டு பேரும் நல்லாய் நித்திரை கொள்ள வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன், அது நடந்த பிறகு இது என்ன விசர் என்று என்னையே பேசிக்கொண்டேன். அதற்கு அடுத்த முறையும் இவர் தனியாகத்தான் போனார். திரும்பி வந்து சந்தையில் என்ன விலை என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டு சோறு போட்டேன். அவ்வளவுதான் கதை.

மூன்றாவது முறை பட்டா படலையைத் தாண்டிப் போனது. நான் எழும்பி அடுப்பை மூட்டினேன். தண்ணீர் கொதிக்க முன்னமே பட்டாவின் சத்தம் திரும்பி வருகிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குலைகள் எல்லாம் பின்னால் அப்படியே இருந்தன. இவர் இறங்காமல் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி இருந்தார். என்னப்பா, தூங்கிப்போட்டியளோ, எங்கையும் அடிச்சுப்போட்டியளோ என்று கேட்டேன்.

"நித்திரை வரேல்லையப்பா. உந்த றோட்டுத்தான் நீண்டுபோய்க் கிடக்கு. வாரும், வந்து ஏறும்."

சமைக்க வேண்டாமோ, உடுப்பு மாற்ற வேண்டாமோ, விடியக் காத்தாலை மனுசரை இப்படி வெருட்டுறதோ என்று நல்லாய்ப் பேசினேன். பேசியபடியே அடுப்பை அணைத்தேன், வீட்டைப் பூட்டினேன், போய் ஏறினேன். இவர் பட்டாவை எடுத்தார். நீர்வேலிச் சந்தி கழிந்தது, சிறுப்பிட்டி கழிந்தது. கதையும், கதையும் என்று இவர் சொல்லிக்கொண்டே வந்தார். புத்தூர் வரும்வரை எனக்கு வாயில் ஒரு கதையும் வரவில்லை.